ஜலதோஷத்தை மட்டும் உடம்பு மறந்துவிடுமா?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஆறு வயது. போன வருடம் சின்னம்மை போட்டது. ‘ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் வராது’ என்றார் மாமியார். ஆனால் ஜலதோஷம் மாதம் தவறாமல் வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைவு, டானிக் கொடு என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். அம்மையை ஞாபகம் வைத்திருக்கும் உடம்பு ஜலதோஷத்தை ஏன் மறக்கிறது?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

1846இல் டென்மார்க்கின் கீழிருந்த ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தது. ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அரசு அனுப்பிய இளம் மருத்துவர், பீட்டர் பானும் (Panum) என்பவர், ஊர் ஊராக விசாரித்தார். அங்கே அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781இல். அப்போது வந்து பிழைத்திருந்த கிழவர்களில், அவர் விசாரித்தவரை, ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. இடையில் 65 வருடம் அந்தக் கிருமி தீவுப் பக்கமே வந்ததில்லை. அப்படியும் மறக்கவில்லை, பாருங்கள்!

புதுக் கிருமி நுழைந்தால், அதற்குப் பொருந்தும் வெள்ளணுக்கள் உடம்பில் வெகு சொற்பமாகத்தான் இருக்கும். அவை பெருகி, கிருமியைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைப் போதுமான அளவு சுரக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நாம் படுத்துக் கிடப்பது அந்த நாட்களில்தான். சண்டை முடிந்ததும் சில அணுக்கள் நினைவு செல்களாகத் தங்கிவிடுகின்றன. அடுத்த முறை அதே கிருமி வந்தால், காய்ச்சல் தெரியும் முன்பே கதை முடிந்துவிடும்.

சரி, ஜலதோஷம்? உடம்பு எதையும் மறக்கவில்லை. ஜலதோஷக் கிருமிகளில் ஒன்றான ரைனோவைரஸில் மட்டுமே 150 வகைக்கு மேல். போன மாதம் வந்தவன் வேறு, இந்த மாதம் வந்தவன் வேறு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். எடை குறைந்தாலோ, நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலோ கவலைப்பட வேண்டும். பார்த்திராத கிருமியை உடம்புக்கு அடையாளம் காட்ட எந்த டானிக்காலும் முடியாது. அது தடுப்பூசியின் வேலை.

மாமியார் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, வயதாகி எதிர்ப்பு தளரும்போது அக்கியாக எழும்பும். காவி மண்ணால் எழுதிக்கொள்வார்களே, அதேதான். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. டானிக் காசை மிச்சம் பிடித்து, மாமியாரை மருத்துவரிடம் கூட்டிப்போய் அதைப் பற்றிக் கேளுங்கள்.