கணக்கு சரியாகப் போட்டும் ஜாப் ஆர்டரில் நஷ்டம் வருவது ஏன்?

கேள்வி: சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மெட்டீரியல், கூலி, மிஷின் நேரம் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் கொட்டேஷன் கொடுக்கிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. காஸ்டிங் சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற லேத்) வைத்து ஜாப் ஆர்டர், அதாவது வாடிக்கையாளர் தரும் டிராயிங்படி பீஸ் செய்து கொடுக்கும் வேலை, செய்கிறேன். சாஃப்ட்வேருக்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். கடைசியாகக் கையைக் கடித்த மூன்று ஜாப்புகளின் கொட்டேஷனை எடுத்து, எந்த டிராயிங்கைப் பார்த்து அந்த விலையைப் போட்டீர்கள் என்று தேடுங்கள். நான் தேடியபோது இரண்டுக்குக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூன்றாவதில் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி, பார்த்த டிராயிங்தான் பழசு.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 30 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றுக்கு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் டிராயிங் அனுப்பியிருந்தார். விட்டத்துக்கு ±0.1 டாலரன்ஸ், அதாவது 0.1 மி.மீ. கூடலாம், குறையலாம். டர்னிங்கோடு, லேத்தில் கடைவதோடு, முடிகிற வேலை. விலை சொன்னேன். மூன்று வாரம் கழித்து 400 பீஸுக்கு பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வந்தது. டிராயிங் நம்பருக்குப் பக்கத்தில் ‘ரிவிஷன் 2’ என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. புது டிராயிங் மெயிலில் வந்து, பிரிண்ட் ஆகி, நேராக மிஷினுக்குப் போய்விட்டது. செட்டிங் போடுகிற, அதாவது ஜாப்புக்கு மிஷினைத் தயார் செய்கிற, பையன்தான் கேட்டான்: “அண்ணே, இதுல ஹெச்7 போட்டிருக்கு. கிரைண்டிங் போகாம எப்படிண்ணே நிக்கும்?”

ஹெச்7 (ஷாஃப்டுக்குச் சின்ன எழுத்து h7) என்பதும் ஒரு டாலரன்ஸ்தான். 30 மி.மீ.க்கு மேலே பூஜ்யம், கீழே 0.021 மி.மீ. முன்பு 200 மைக்ரான் (0.2 மி.மீ.) இடம் இருந்தது, இப்போது 21. எங்கள் பழைய மிஷினில் 400 பீஸும் அதற்குள் நிற்காது. வெளியே கிரைண்டிங் (சாணைக்கல்லில் நுணுக்கமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) கொடுத்து வாங்கிவரப் பீஸுக்கு 38 ரூபாய், மொத்தம் 15,200. வாடிக்கையாளரிடம் பேசிப் பார்த்தேன். “பி.ஓ.வுலயே இருக்கே சார்” என்றார். இருந்தது.

அன்றிலிருந்து கொட்டேஷனில் டிராயிங் நம்பர், ரிவிஷன், எத்தனை பீஸுக்கான விலை, இரும்பு விலை எந்தத் தேதியுடையது என்ற நான்கும் இல்லாமல் அனுப்புவதில்லை. பி.ஓ. வந்ததும் நான்கையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் ராடு வாங்கப் போகிறோம்.

எடையிலும் இதே ஏமாற்றம் உண்டு. டிசைன் செய்பவர் கம்ப்யூட்டர் மாடலிலிருந்து எடுத்து அனுப்புவது முடிந்த பீஸின் எடை. வெளி விட்டம் 38, உள் விட்டம் 20, நீளம் 60 மி.மீ. உள்ள புஷ் (நடுவில் துளையுள்ள உருளை) என்றால் சுமார் 0.386 கிலோ. ஆனால் நாம் வாங்குவது 40 மி.மீ. இரும்பு ராடு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்குதான். 1600-ஐ 162-ஆல் வகுக்க 9.88 கிலோ. பீஸுக்கு 60, பார்ட்டிங்குக்கும் (ராடிலிருந்து வெட்டி எடுப்பது) ஃபேஸிங்குக்கும் (முனையைச் சமமாகச் சீவுவது) 5, ஆக 65 மி.மீ. மூன்று மீட்டர் ராடில் சக் (லேத்தில் ராடைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிடிக்கிற கடைசி 100 மி.மீ. வீண். 44 பீஸ்தான் கிடைக்கும். 29.63 கிலோவை 44-ஆல் வகுத்தால் பீஸுக்கு 0.673 கிலோ. மாடல் சொன்னதைவிட முக்கால் பங்கு அதிகம். சீவலை விற்கலாம், சரி, ஆனால் ராடு வாங்கிய விலைக்கா எடுப்பார்கள்?

செட்டிங் விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்றரை மணி நேர செட்டிங், மிஷின் மணிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 750 ரூபாய். ஆயிரம் பீஸில் அது 75 பைசா, ஐம்பது பீஸில் 15 ரூபாய். ஆயிரத்துக்கு விலை கேட்டு ஐம்பதுக்கு பி.ஓ. போடுபவர்கள் நம் ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். அதனால் 50, 200, 1000 என்று மூன்று விலை எழுதிக் கொடுங்கள்.

நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது சைக்கிள் டைம், ஒரு பீஸுக்கு மிஷின் ஓடுகிற நேரம். மிஷின் திரையில் நான்கு நிமிடம் என்று காட்டினால், எட்டு மணி நேரத்துக்கு 120 பீஸ் என்று விலை போடுவேன். எங்கள் பட்டறையில் வருவது 85 பக்கம். பீஸ் மாட்டுவது, அளவு பார்ப்பது, தேய்ந்த இன்செர்ட்டை (வெட்டும் முனை) மாற்றுவது, டீ குடிப்பது எல்லாம் திரையில் வராது. ஷிஃப்ட் முடிந்ததும் உண்மையில் எத்தனை பீஸ் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எஸ்டேட்டுக்குள் புகுந்தபோது, மேஜையின் கீழ் டிராயரில் இருந்த அந்த நோட்டு ஊறிக் கூழாகிப் போனது. இப்போது கூகுள் ஷீட். போட்ட நேரம் ஒரு கட்டம், ஆன நேரம் பக்கத்துக் கட்டம், அவ்வளவுதான்.

இனி சாஃப்ட்வேர். ஒருவர் வந்து டெமோ காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் அவர் என்னிடம் கேட்டது மிஷின் ஹவர் ரேட், ஜாப் வாரியாக ஆன நேரம், ரிஜெக்‌ஷன் எவ்வளவு. அந்த மூன்றும் உங்கள் கையில் இருந்தால் வாங்குங்கள். என்னிடம் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.