முன் ஃபோர்க் கசிவு, 'டக்' சத்தம், ஆட்டம்: பழைய ஸ்போர்ட்ஸ் பைக் கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியவர்கள் முன்பக்க சஸ்பென்ஷனைப் பற்றி அனுப்பிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பல வருடமாக ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு சஸ்பென்ஷன் கால்களை) பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முன் ஃபோர்க்கில் தெரியும் கோளாறு வேறு, அதற்கான காரணம் வேறு. காரணத்தைப் பிடிக்காமல் பார்ட்ஸை மாற்றினால் அதே வேலை மறுபடியும் வந்து நிற்கும்.

கேள்வி: அண்ணா, ஆறு வயசான 600 சிசி பைக் ஒன்று வாங்கினேன். வலது ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்ததால் சீல் மாற்றினோம். மூன்றே வாரத்தில் மறுபடியும் கசிகிறது. சீல் போலியா?

இருக்கலாம் தம்பி. ஆனால் சீலை (எண்ணெயை வெளியே விடாத ரப்பர் வளையம்) குறை சொல்லுமுன், அதற்குள் ஏறி இறங்கும் பளபளப்பான குழாயை, அதாவது ராடைப் பாருங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, சீல் ஏறி இறங்கும் பகுதி முழுக்க விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கடுகில் பாதி அளவுக்கு ஒரு துருப்புள்ளி இருந்தாலும் நகம் அங்கே தட்டும். கல் தெறித்த இடத்தில் குரோம் உடைந்து, அதன் விளிம்பு ரம்பம் மாதிரி நிற்கும். ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் அந்த விளிம்பு சீலின் உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். புது சீல் மூன்று வாரம் தாங்கியதே பெரிய விஷயம்.

புள்ளி ஒன்றிரண்டுதான், சின்னதுதான் என்றால், 1500 அல்லது 2000 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, தூக்கி நிற்கும் விளிம்பை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தலாம். பள்ளத்தை எபாக்ஸியால் நிரப்பி மட்டம் செய்கிறவர்களும் உண்டு. குரோம் உரிந்தே போயிருந்தால் இரண்டு வழிதான்: மறுபடி ஹார்டு குரோம் போட வேண்டும், இல்லையென்றால் ராடையே மாற்ற வேண்டும்.

ராடு கண்ணாடி மாதிரி இருக்கிறதா? அப்படியானால் அடுத்த சந்தேகம் புஷ் மேல், அதாவது ராடு ஆடாமல் வழுக்க உள்ளே இருக்கும் வளையத்தின் மேல். புஷ்ஷின் மேல் இருக்கும் சாம்பல் நிற டெஃப்லான் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ராடு உள்ளே லேசாக ஆடும், சீலின் ஒரு பக்கம் மட்டும் அழுந்தித் தேயும். மூன்றாவது, எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பது. உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, அமுங்கும்போது அழுத்தம் எகிறி, நல்ல சீலிலும் எண்ணெயைத் தள்ளிவிடும்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ராடின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கிரீஸ் தடவித்தான் சீலை உள்ளே நுழைக்க வேண்டும். நுனியில் இருக்கும் கூரான விளிம்பு, மாட்டும்போதே சீலைக் கிழித்துவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக் ஃபிலிம் துண்டைச் சீலுக்குள் விட்டு எடுத்தால் கசிவு நிற்கும் என்கிறார்களே, நிஜமா?

சில நேரம் நிற்கும். சீலின் உதட்டில் மண்துகள் சிக்கியதால் கசிகிறது என்றால் மட்டும். தூசியைத் தடுக்கும் வெளி வளையமான டஸ்ட் சீலை நகர்த்திவிட்டு (சாதாரண ஃபோர்க்கில் மேலே; ராடு கீழ்ப்பக்கம் இருக்கும் தலைகீழ் ஃபோர்க்கில் கீழே) மெல்லிய, பிசிறில்லாத பிளாஸ்டிக் துண்டைச் சுற்றிலும் விட்டு அழுக்கை வெளியே இழுக்க வேண்டும். இரும்புத் தகடு, பிளேடு எதுவும் வேண்டாம். செய்து முடித்து நன்றாகத் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இரண்டு நாளில் மறுபடி எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் மாற்றும் வேலைதான்.

கேள்வி: கொஞ்சமாகத்தான் கசிகிறது. அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா சார்?

எண்ணெய் எங்கே போகிறது என்று பாருங்கள். ராடில் வழிந்து ஆக்ஸில் (சக்கர அச்சு) பக்கம் இறங்கினால் அடுத்து பிரேக் காலிப்பர்தான். பிரேக் பேடில் எண்ணெய் பட்டால் முன் பிரேக் பிடிக்காது. அந்தப் பேடை நெருப்பில் காட்டுவது, பெட்ரோலில் கழுவுவது என்று எதையும் செய்து திரும்பப் போட வேண்டாம். பேடுக்குள் எண்ணெய் ஊறிவிடும்; சூடேறும்போது மறுபடி வெளியே வரும். பேட் புதிது போட்டு, டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனசே வராது.

கேள்வி: முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலில் 'டக்' என்று ஒரு தட்டு. ஃபோர்க் போய்விட்டதா?

பாதிப் பேருக்கு இது ஃபோர்க் இல்லை, கோன் செட்தான் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்). முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கூட ஒருவர் மேல் கிளாம்புக்கும் (ஃபோர்க் கால்களை மேலே பிடித்திருக்கும் தகடு) ஃபிரேமுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் கோன் செட். அங்கே இல்லாமல், சீல் இருக்கும் இடத்தில் ராடு ஆடினால் புஷ்.

அப்புறம், ஹேண்டிலை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் பேரிங் பாதையில் குழி விழுந்திருக்கிறது. அதை டைட் வைத்துச் சரிசெய்ய முடியாது. அதிகமாக டைட் வைத்தால் வண்டி நேராகவே போகாமல் இப்படியும் அப்படியும் அலையும்.

இரண்டுமே சரி, ஆனாலும் தட்டுகிறது என்றால் ஃப்ளோட்டிங் பிரேக் டிஸ்க்கின் பட்டன்கள் (டிஸ்க்கை அதன் நடுப்பகுதியோடு இணைப்பவை) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வாங்கும் முன்பே ஃபோர்க் அடிபட்டதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஃபேரிங் (வெளி பிளாஸ்டிக் மூடி) புதுசாகப் பளபளக்கும், அதில் மயங்காதீர்கள். ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, அது போய் முட்டும் ஸ்டாப்பரைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தால், உடைந்திருந்தால், மேலே புது பெயிண்ட் இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஸ்டியரிங் தலைப்பக்கம் ஃபிரேமில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, இரண்டு ஃபோர்க்கின் நிறமும் ஒன்றாக இருக்கிறதா, மேல் கிளாம்புக்கு வெளியே இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு பிரேக் பிடித்தபடி முன்பக்கத்தை அழுத்தி விடுங்கள். எங்கேயும் சிக்காமல் இறங்கி, ஒரே சீராக ஏறி நிற்க வேண்டும். ஏறிய வேகத்தில் தாண்டிப் போய்த் துள்ளினால் டேம்பிங் (துள்ளலை அடக்கும் எண்ணெய்த் தடை) போய்விட்டது.

லேசாக விழுந்த வண்டியில் ஹேண்டில் கோணலாக இருப்பதால் மட்டும் ராடு வளைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கலாம். கீழ் கிளாம்ப், ஆக்ஸில் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும். உண்மையாகவே வளைந்ததா என்று தெரிய ராடைக் கழற்றி, மட்டமான கண்ணாடி மேல் உருட்டுங்கள். ராடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெரியும் வெளிச்சம் கூடிக் குறைந்தால் பெண்ட் (வளைவு). பெண்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேகமாகப் போகும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே குத்திக்கொண்டு இறங்குகிறது. கம்ப்ரெஷன் (அமுங்குவதை அடக்கும் ஸ்க்ரூ), ரீபவுண்ட் (திரும்ப ஏறுவதை அடக்கும் ஸ்க்ரூ) இரண்டையும் முழுசாக முடுக்கியும் மாற்றமில்லை.

முடுக்கியும் மாற்றம் இல்லை என்பதுதான் இங்கே துப்பு. உள்ளே எண்ணெய் செத்துவிட்டது, அல்லது போதுமான அளவு இல்லை. நான் முதலில் வாங்கிய பழைய பைக்கில் இதே கதைதான். இடது ஃபோர்க்கைக் கவிழ்த்தபோது அழுகிய மீன் நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஒன்று கொட்டியது, அடியில் வெள்ளிப் பொடி மினுங்கியது. வலது பக்கத்தில் எண்ணெய் தெளிவாக இருந்தது, அளவும் அதிகம். முன்பு யாரோ ஒரு பக்கம் மட்டும் வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு கால்களோடு நான் ஒரு மாதம் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதலில் எண்ணெய் மாற்றுங்கள். அடுத்து சாக். எவ்வளவு இறங்கியது என்று காட்ட ராடில் ஒரு கேபிள் டையை மாட்டிக்கொள்ளுங்கள். சக்கரம் தூக்கியிருக்கும்போது ராடின் வெளியே தெரியும் நீளத்தையும், வழக்கமான உடையோடு நீங்கள் உட்காரும்போது இருக்கும் நீளத்தையும் அளந்தால் வித்தியாசம்தான் சாக். சாலையில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு, மொத்தப் பயணம் (ஃபோர்க் முழுசாக அமுங்கும் தூரம்) 120 மி.மீ. என்றால் 30 முதல் 35 மி.மீ. வரை சரியான இடம். ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அமைப்பு) முழுசாக வைத்தும் 45 இருக்கிறது என்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது. ப்ரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, முன்பக்கத்தை உயர்த்தும், அவ்வளவுதான்.

கடைசியில்தான் டேம்பிங். ஸ்க்ரூவை முழுசாக உள்ளே முடுக்கி (அழுத்தம் கொடுக்காமல்), அங்கிருந்து வெளியே எண்ணி மேனுவலில் சொன்ன இடத்துக்கு வாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வைப்பதற்கு முன் உங்கள் ஃபோர்க்கின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009 யமஹா ஆர்1-இல் ஒரு காலில் கம்ப்ரெஷன், மறுகாலில் ரீபவுண்ட் என்று பிரித்திருப்பார்கள்.

கேள்வி: கெட்டியான எண்ணெய் ஊற்றினால் இறுகிவிடாதா? 20W (எண் கூடினால் கெட்டி) போடலாமா?

வேண்டாம். கார்ட்ரிஜ் ஃபோர்க்கில் (டேம்பிங் வேலையை உள்ளே ஒரு தனிக் குழாய் செய்யும் வகை) கெட்டி எண்ணெய் ஊற்றினால் சின்னச் சின்ன மேடுகள் எல்லாம் மணிக்கட்டில் அடிக்கும். டயர் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். இன்னொன்று, ஒரு கம்பெனியின் 5W இன்னொன்றின் 5W-க்குச் சமமாக இருப்பதில்லை. டப்பாவில் 40 டிகிரியில் சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) எவ்வளவு என்று போட்டிருப்பதை ஒப்பிடுங்கள். அளவை மில்லிலிட்டரில் மட்டும் நம்பாமல், ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, உள்ளே சிக்கிய காற்று போகும்வரை உள்ளே இருக்கும் டேம்பர் ராடைப் பம்ப் செய்த பிறகு, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம்.

கேள்வி: நானே கழற்றி மாட்டினேன். இப்போது ஃபோர்க் இறுகிப்போய் அசையவே மறுக்கிறது.

ஆக்ஸில் பிஞ்ச் போல்ட்டை (ஆக்ஸிலை ஃபோர்க் காலில் இறுக்கிப் பிடிக்கும் போல்ட்) அவசரப்பட்டு முடுக்கியிருப்பீர்கள். அதைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஐந்தாறு முறை நன்றாக அமுக்குங்கள். கால்கள் தாமாக நேர்வரிசைக்கு வரும். அதற்கப்புறம் டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு முடுக்குங்கள். அப்போதும் இறுகினால் இரண்டு ராடும் கிளாம்பில் ஒரே உயரமா என்று அளந்து பாருங்கள்.

காலிப்பரைக் கழற்றியிருப்பதால் பிஸ்டன் உள்ளே போயிருக்கும், முதல் அழுத்தத்தில் லிவர் காலியாகப் போகும். கிளம்பும் முன் லிவர் கெட்டியாகும்வரை நான்கைந்து முறை அழுத்திவிட்டே வண்டியை நகர்த்துங்கள்.