போனில் மட்டும் ஏன் இடதும் வலதுமாக ஆடுகிறது?

கேள்வி: ஐயா, பி.காம். முடித்துவிட்டு மூன்று மாதமாக யூடியூப் பார்த்து, இணையப் பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ். என்று படிக்கிறேன். மாமாவின் பாத்திரக்கடைக்கு ஒரு பக்கம் செய்தேன். லேப்டாப்பில் அழகாக இருக்கிறது. போனில் முதலில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரிந்தது. தோழி சொன்னபடி ‘வியூபோர்ட்’ என்று ஒரு வரி சேர்த்தேன். எழுத்து பெரிதாகிவிட்டது, ஆனால் பக்கம் இடதும் வலதுமாக ஆடுகிறது. போதாக்குறைக்கு, ‘எல்லாமே டிவ்வாக (இன்னது என்று சொல்லாத வெறும் பெட்டி) இருக்கிறதே, செமான்டிக்காக (தலைப்பா, பட்டனா, மெனுவா என்று சொல்லும் டேகுகளில்) எழுது’ என்கிறாள். டிவ்விலும் வேலை நடக்கத்தானே செய்கிறது? பேசாமல் ஆயத்த சி.எஸ்.எஸ். தொகுப்பான பூட்ஸ்ட்ராப்புக்குப் போய்விடட்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தோழியைக் கைவிட்டுவிடாதீர்கள், விஷயம் தெரிந்தவர்.

2007இல் ஐபோன் வந்தபோது, இணையப் பக்கங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரைக்காகச் செய்யப்பட்டவை. அதனால் அந்தப் போன் ஒரு பொய் சொன்னது. ‘என் அகலம் 980 பிக்சல்’ என்று சொல்லிப் பக்கத்தை வாங்கி, அப்புறம் சுருக்கிக் காட்டியது. மற்ற போன்களும் அதே வழியில் போயின. உங்கள் எறும்பு எழுத்து அந்தப் பொய்யில் பிறந்ததுதான். வியூபோர்ட் வரி, ‘உன் உண்மையான அகலத்தைச் சொல்’ என்கிறது. உண்மை வெளியே வந்ததும் உங்கள் குட்டும் வெளிப்பட்டுவிட்டது. எங்கேயோ ‘விட்த் (அகலம்) 1200 பிக்சல்’ என்று எழுதியிருப்பீர்கள். 360 பிக்சல் வாசலில் 1200 பிக்சல் பீரோவை நுழைத்தால் இடிக்காதா? அதை ‘மேக்ஸ்-விட்த்’ (அதிகபட்ச அகலம்) என்று மாற்றுங்கள். படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ.

அப்படியும் ஆடினால் தலைப்பைப் பாருங்கள். ஆங்கில வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். ‘திருமணச்சீர்வரிசைப்பாத்திரங்கள்’ என்று மாமா ஆசையாக எழுதச் சொன்னால், அதை எங்கே உடைப்பது என்று பிரௌசருக்குத் தெரியாது; திரைக்கு வெளியே நீட்டிவிடும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’புக்கு ‘பிரேக்-வேர்ட்’ கொடுத்தால் உடையும், ஆனால் கண்ட இடத்தில் உடையும். நானாக இருந்தால் மாமாவிடம் கெஞ்சி ‘சீர்வரிசைப் பாத்திரங்கள்’ என்று இரண்டு சொல்லாக்கிவிடுவேன்.

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். சி.எஸ்.எஸ். கோப்பின் இணைப்பை எடுத்துவிட்டு அதே பக்கத்தைப் போனில் திறங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும்; ஆனால் பெரிய படங்களையும் நீளச் சொற்களையும் தவிர அநேகமாக எல்லாம் திரைக்குள் அடங்கியிருக்கும். வெறும் எச்.டி.எம்.எல். தானாகவே வளைந்து கொடுக்கிற சாது. அதை முறுக்கிக் கெடுப்பது நாம் எழுதுகிற சி.எஸ்.எஸ்.தான். 2010 மே மாதம் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட், எந்தத் திரைக்கும் வளைகிற பக்கத்துக்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் வைத்துக் கேட்டவை மூன்றே மூன்று: நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், மீடியா குவெரி (இன்ன அகலத் திரையில் மட்டும் இந்த சி.எஸ்.எஸ். என்று சொல்வது). நீங்கள் மீடியா குவெரியைக் கடைசியில் தொட்டால் போதும். முதலில் போனுக்கு எழுதிவிட்டு, அகலத் திரையில் எங்கே வெறிச்சென்று தெரிகிறதோ அங்கே மட்டும் சேருங்கள்.

டிவ் விஷயத்தில் நானே பட்டுத் தெரிந்துகொண்டவன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்குச் செய்த பக்கத்தில் ‘ஆர்டர் செய்ய’ என்பதை டிவ்வில் போட்டு, நிறம் பூசி, நிழல் கொடுத்து, பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் கிளிக்கை மாட்டினேன். பெருமையாக நண்பனுக்கு அனுப்பினேன். அவனுக்குக் கண் தெரியாது. என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் திரையை வாசித்துச் சொல்ல, கீபோர்டிலேயே எல்லா வேலையும் செய்பவன். ‘டேய், பட்டனைத் தேடிக்கிட்டே இருக்கேன், ஒண்ணுகூட இல்லையேடா’ என்றான். அந்த மென்பொருளில் பி விசை அடுத்த பட்டனுக்கும், எச் விசை அடுத்த தலைப்புக்கும் தாவும். என் பக்கத்தில் தாவுவதற்கு இடமே இல்லை. தலைப்பு என்று நான் நினைத்ததும் பெரிய எழுத்தில் போட்ட டிவ்தான்! அன்று ராத்திரியே ‘பட்டன்’ டேகுக்கு மாற்றினேன். டேப் விசை தானாக அதில் வந்து நின்றது. என்டரும் ஸ்பேஸ் பாரும் வேலை செய்தன. அதற்கென்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

கடைப் பெயருக்கு எச்1, மெனுவுக்கு நாவ், சரக்கு விவரத்துக்கு மெயின், முகவரிக்கு ஃபுட்டர் – இப்போதைக்கு இது போதும். மேலே எச்.டி.எம்.எல். டேகில் ‘லாங்’ (பக்கத்தின் மொழி) என்பது ‘டிஏ’ (தமிழ்) என்று இருக்கிறதா பாருங்கள். காப்பியடித்த பக்கத்தில் ‘இஎன்’ (ஆங்கிலம்) என்று கிடந்தால், திரையை வாசிக்கும் மென்பொருள் உங்கள் தமிழை ஆங்கிலக் குரலிடம் வாசிக்கக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

பூட்ஸ்ட்ராப்புக்கு அவசரமில்லை. (2011இல் வந்த அதன் முதல் பதிப்பே போனுக்கு வளையாது, 2012இல் இரண்டாம் பதிப்பில்தான் வளைந்தது.) பீரோ எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகு போங்கள். அதுவரை ஃப்ரீகோட்கேம்ப் இணையதளத்தின் இலவசப் பாடம் போதும்.

இந்த வாரம் லேப்டாப்பில் டச்பேடைத் தொடாமல், டேப் விசையை மட்டும் வைத்து மாமாவின் போன் எண் வரை போய்ச் சேர முடிகிறதா பாருங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.