ஓட்டோகாட் ரூல்பாரில் கேள்விக்குறி மட்டும் தெரிந்தால் காசு செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: கொக்குவிலில் வீட்டுப் பிளான் கீறிக் குடுக்கிறன். ஓட்டோகாட் 2020. லப்ரொப் மெதுவாகிப் போச்செண்டு ஒரு கடையில விண்டோஸ் புதிசாப் போடுவிச்சன். என்ரை சொந்த ரூல்பார் (பொத்தான் வரிசை) ஃபைலைப் பென்டிரைவில வைச்சிருந்ததால அதைத் திரும்ப ஏத்திப் போட்டன். ஆனா இருபத்திரண்டு பொத்தானிலயும் கேள்விக்குறிதான் தெரியுது. கடைக்காரர், கிராஃபிக்ஸ் கார்ட் பழசு, இல்லாட்டிப் புது வேர்ஷன் வாங்கவேணும் எண்டு சொல்லுறார். எதை வாங்கிறது?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்ட் பழுதானால் கோடுகள் சிதறும், திரை நடுங்கும், மென்பொருள் நின்றுபோகும். உங்கள் பொத்தான்களில் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேள்விக்குறி போடாது.

முதலில் ஒரு சோதனை. கேள்விக்குறி உள்ள பொத்தான் ஒன்றை அழுத்துங்கள். கட்டளை வழமைபோல ஓடினால் படம் மட்டுமே தொலைந்திருக்கிறது. கீழே கட்டளை வரியில் 'அன்நோன் கொமாண்ட்' என்று வந்தால் அந்தப் பொத்தான் கூப்பிடுகிற லிஸ்ப் ஃபைலும் (ஓட்டோகாட்டுக்குள் ஓடும் சிறு நிரல்) ஏறவில்லை. படத்தைத் திருத்தினாலும் வேலை நடக்காது. லிஸ்ப் ஃபைலைத் தேடியெடுத்து, அப்லோட் (APPLOAD) கட்டளையில் உள்ள ஸ்ராட்அப் சூட் பெட்டிக்குள் சேர்க்க வேண்டும்.

படம் ஏன் போனது? நீங்கள் பென்டிரைவில் வைத்திருந்தது சியூஐஎக்ஸ் ஃபைல். அதில் பொத்தானின் பெயர், கட்டளை, இடம் எல்லாம் உண்டு. படமோ பல வேளைகளில் அதற்குள் இருப்பதில்லை. எந்தப் படம், எந்த ஃபோல்டர் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். படங்கள் தனித்தனி பிஎம்பி ஃபைல்களாக, உங்கள் விண்டோஸ் பயனர் பெயரின் கீழ், அப்டேற்றா என்ற மறைவான ஃபோல்டருக்குள், ஓட்டோகாட்டின் சப்போர்ட் ஃபோல்டரில் 'ஐகொன்ஸ்' என்ற இடத்தில் கிடந்திருக்கும். வட்டை அழித்தபோது அவையும் அழிந்தன. அழியாவிட்டாலும், கடையில் புதுப் பயனர் பெயர் போட்டிருந்தால் பழைய முகவரி செல்லாது. கேள்விக்குறி வர இந்த ஒரு காரணமே போதும்.

இதை நிச்சயப்படுத்த எளிய வழி உண்டு. சியூஐஎக்ஸ் ஃபைலைப் பிரதி எடுத்து, பிரதியின் பெயர் முடிவை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். சியூஐஎக்ஸ் உண்மையில் ஒரு ஸிப் பொதிதான். உள்ளே உங்கள் படங்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெளியே தேடவேண்டும்.

தேடவேண்டிய முதல் இடம் சி டிரைவில் உள்ள 'விண்டோஸ்.ஓல்ட்'. வட்டை முழுதாக அழிக்காமல் மேலாலே விண்டோஸ் போட்டிருந்தால் பழைய பயனர் ஃபோல்டர் அப்படியே அதற்குள் இருக்கும். கொஞ்ச நாளில் விண்டோஸ் தானாகவே அதை அழித்துவிடக்கூடும் என்பதால் இன்றைக்கே பாருங்கள். மறைவான ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்துவிட்டு, முடிவு பிஎம்பி என்று தேடினால் போதும். கிடைத்தவற்றை டி டிரைவில் ஒரு புது ஃபோல்டருக்குள் போடுங்கள். ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ் எழுத்தில் வைத்தால் 2020 போன்ற பழைய பதிப்புகளில் லிஸ்ப் சிலவேளை தடுமாறும்.

இனி ஓட்டோகாட்டில் ஒப்ஷன்ஸ் கட்டளை, ஃபைல்ஸ் பக்கம், 'கஸ்டமைசேஷன் ஃபைல்ஸ்', அதற்குள் 'கஸ்டம் ஐகொன் லொக்கேஷன்'. இங்கே ஒரேயொரு ஃபோல்டர்தான் கொடுக்கலாம்; ஆகவே எல்லாப் படமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அப்ளை கொடுத்து, ஓட்டோகாட்டை மூடித் திறவுங்கள். பெரும்பாலும் இத்துடன் படங்கள் வந்துவிடும்.

ஆனால் இத்துடன் நிறுத்தினால் அடுத்த விண்டோஸ் மாற்றத்தில் திரும்பவும் இதே பாடு. படங்களைச் சியூஐஎக்ஸுக்குள்ளேயே ஏற்றிவிடுங்கள். சி-யூ-ஐ என்ற கட்டளையைக் கொடுத்தால் கஸ்டமைஸ் சாளரம் வரும். அதில் 'இமேஜ் மனேஜர்' பொத்தானை அழுத்தி, உங்கள் ரூல்பார் ஃபைலைத் தெரிந்து, பிஎம்பி எல்லாவற்றையும் இம்போர்ட் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டளையையும் தெரிந்து, 'பட்டன் இமேஜ்' பகுதியில் அதற்குரிய படத்தைக் கொடுங்கள். இருபத்திரண்டு பொத்தானுக்கும் அரைமணி நேரம் பிடிக்கலாம். ஏற்றும் ஃபைல் எது என்பதில் கவனம்: ஓட்டோகாட்டின் மூல ஃபைலான அகாட் சியூஐஎக்ஸில் ஏற்றாமல் உங்கள் சொந்த ஃபைலிலேயே ஏற்றுங்கள். மூல ஃபைலில் போட்டவை 'ரீசெற் செற்றிங்ஸ் ரு டிஃபோல்ட்' கொடுக்கிற அன்றைக்கே போய்விடும், திருத்துநர்கள் முதலில் அழுத்துவதும் அதைத்தான்.

பிஎம்பி ஒன்றும் கிடைக்கவில்லையா? சியூஐஎக்ஸ் ஃபைல் இருந்த இடத்தில் பெயரின் நடுவே 'பக்' என்று வரும் பிரதி ஒன்று இருக்கிறதா பாருங்கள். ஓட்டோகாட் தானே எடுத்து வைக்கும் முந்தைய நிலை அது. படம் உள்ளே இருந்த காலத்துப் பிரதியானால் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் புதிதாகக் கீறத்தான் வேண்டும்: சின்னப் படம் 16க்கு 16, பெரிய படம் 32க்கு 32 புள்ளி. பட்டன் இமேஜ் பகுதியில் 'எடிற்' கொடுத்தால் கீறுகிற பெட்டி அங்கேயே உண்டு.

கடை விஷயம். தரவை எடுத்து வைப்பதாக ஒப்புக்கொண்டு அழித்திருந்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம். பற்றுச்சீட்டோடு கடையில் எழுத்தில் கேளுங்கள். தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் சபை, துரித எண் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். இனி லப்ரொப்பைக் கொடுக்கும்போது, ஏற்றுக்கொள்ளும் சீட்டில் "பயனர் ஃபோல்டர் முழுவதும், அப்டேற்றா உட்பட, பிரதி எடுத்துத் தரவேண்டும்" என்று எழுதுவியுங்கள். வெறுமனே 'டேற்றா பக்கப்' என்று சொன்னால் டொக்கியுமன்ற்ஸும் டெஸ்க்ரொப்பும்தான் வரும்.

கேள்வி: திரையின் நிறத்தை வெள்ளைக்கு மாற்றினேன். வாங்கிய ஒரு மேலதிகக் கருவித்தொகுப்பின் ஐகொன்கள் மட்டும் போய்விட்டன. (சுன்னாகம்)

பதில்: அதன் படங்கள் டிஎல்எல் ஃபைலில் இருக்கின்றன. கறுப்புத் திரைக்கு சியூஐஎக்ஸின் அதே பெயரில் ஒன்று, வெள்ளைத் திரைக்குப் பெயரின் முடிவில் 'லைற்' சேர்ந்த இன்னொன்று. இரண்டாவது உங்களிடம் இல்லை, அல்லது சியூஐஎக்ஸ் உள்ள ஃபோல்டரில் இல்லை. கலர்தீம் கட்டளையில் 0 கொடுத்துக் கறுப்புக்குப் போனதும் படங்கள் வந்தால் காரணம் இதுவேதான். விற்றவரிடம் அந்த ஃபைலைக் கேளுங்கள். நீங்கள் பணம் கொடுத்த பொருளின் ஒரு பகுதி அது.

கேள்வி: நில அளவை வேலைக்குப் பரப்புக் கணக்குப் பொத்தான் ஒன்று லிஸ்ப்பில் செய்து வைத்திருக்கிறோம். செலவு குறைய ஓட்டோகாட் எல்ரி வாங்கலாமா? ஆயுள்கால உரிமம் என்று ஒருவர் மலிவாகவும் தருகிறார். (சாவகச்சேரி)

பதில்: எல்ரி 2024 பதிப்பிலிருந்துதான் லிஸ்ப்பை ஏற்கிறது. 2023 அல்லது அதற்கு முந்தையதென்றால் ஐகொன் அழகாக நிற்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆகவே பதிப்பு எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

அந்த ஆயுள்கால உரிமத்தைத் தொடவேண்டாம். ஓட்டோகாட்டைச் செய்யும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் புதிய நிரந்தர உரிமம் விற்பதை 2016இலேயே நிறுத்திவிட்டது. மாணவர் உரிமமும் காசுக்குச் செய்யும் வேலைக்கு அல்ல.

நிரந்தர உரிமந்தான் வேண்டுமென்றால் பிரிக்ஸ்காட், ஸட்.டபிள்யூ.காட் போன்ற வேறு வரைபட மென்பொருள்களில் உண்டு. இலவசச் சோதனைக் காலத்தில் உங்கள் சியூஐஎக்ஸையும் லிஸ்ப்பையும் ஏற்றி, பரப்புத் தெரிந்த ஒரு பழைய உறுதிக் காணியை அளந்து பாருங்கள். 2722.5 சதுர அடிக்கு ஒரு பரப்பு, அதாவது 18 குழி, சரியாக வந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.