பட்டத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்: நர்ஸ் மகளின் அம்மாவுக்கு

போன வாரம் ஒரு அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஏழு நிமிடம். அதில் பாதி நேரம் பின்னால் வேறு யாரோதான் பேசுகிறார்கள். மகளின் பெரியப்பா என்று பிறகு தெரிந்தது. விஷயம் இதுதான். மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருடமாக டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது கணவர் பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிட்டார்கள். பட்டம், மார்க் ஷீட், நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், அனுபவச் சான்றிதழ் எல்லாம் அப்பாவின் இனிஷியலோடு பழைய பெயரில் இருக்கின்றன. இப்போது வெளிநாட்டு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு ஏஜென்ட், எல்லாச் சான்றிதழையும் புதுப் பெயரில் மாற்றித் தருகிறேன், மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள் என்கிறாராம். பெரியப்பா அதற்குத் தலையாட்டுகிறார், கூடவே "போனா அமெரிக்கா போகணும், இல்லாட்டி எதுக்கு இந்தப் பாடு" என்கிறார். மகளின் குரல் அந்தப் பதிவில் ஒரு இடத்தில்கூட இல்லை.

அம்மா, பயப்படாதீர்கள். கல்யாணமாகிப் பெயர் மாறிய நர்சுகள் உலகம் பூராவும் வேலை பார்க்கிறார்கள், முன்பு வேறு பெயர் இருந்ததா என்று கேட்கும் கட்டம் இந்த விண்ணப்பங்களில் சாதாரணமாக இருப்பதுதான். ஆறுதல் சொல்வது இதோடு முடிந்தது. இனி எழுதுவது பெரியப்பாவுக்குப் பிடிக்காது.

சான்றிதழ்களை மாற்றாதீர்கள். ஒன்றைக்கூட. வெளிநாட்டு கவுன்சில் உங்கள் மகள் கையில் இருக்கும் தாளைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, அந்தத் தாளை யார் கொடுத்தார்களோ அவர்களிடமே நேராகக் கேட்கிறது. கல்லூரி தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதும், உள்ளூர் நர்சிங் கவுன்சில் தன் பதிவேட்டைப் பார்த்துப் பதில் எழுதும். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு நடக்கிறதே, அதன் முழு வேலையும் இதுதான். அந்தப் பதிவேட்டில் இருப்பது பழைய பெயர். நீங்கள் பணம் கட்டிப் புதுப் பெயரில் ஒரு பட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், இல்லாத முரண்பாட்டை நீங்களே காசு கொடுத்து உண்டாக்குகிறீர்கள். ஏஜென்ட் "மாற்றித் தருகிறேன்" என்று சொல்வது எந்த வகை மாற்றம் என்று வேறு நமக்குத் தெரியாது. 2023-ல் நைஜீரியாவில் ஒரு கணினித் தேர்வு மையத்தில் முறைகேடு என்று பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி கண்டுபிடித்தபோது, அங்கே எழுதி ஏற்கெனவே பதிவு வாங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் மறுபடி தேர்வு எழுதச் சொன்னார்கள், நேர்மையாக எழுதியவர்கள் உட்பட. காகிதத்தில் கை வைத்தால் எவ்வளவு நாள் கழித்தும் திரும்பி வரும்.

பட்டம் வாங்கிய நாளில் உங்கள் மகளின் பெயர் அதுதான். அது அப்படியே இருக்கட்டும். கேட்கிறவர்களுக்கு வேண்டியது எல்லாத் தாளிலும் ஒரே பெயர் என்பதில்லை. இந்தப் பெயரிலிருந்து அந்தப் பெயருக்கு எப்படி வந்தீர்கள் என்று இடையில் அறுபடாமல் காட்ட வேண்டும்.

அமெரிக்கா பற்றி. அந்த நாட்டை நான் குறை சொல்லவில்லை, நர்ஸ் லைசென்ஸுக்கு அங்கே எழுத வேண்டிய என்கிளெக்ஸ் நல்ல தேர்வுதான். கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015-ல் அதற்கு மாறின, ஆஸ்திரேலியாவிலும் வெளிநாட்டு நர்சுகளுக்கான எழுத்துத் தேர்வு அதுதான். ஆனால் அமெரிக்காவில் லைசென்ஸ் தருவது ஒவ்வொரு மாநிலத்தின் போர்டு, தேர்வு நடத்துவது வேறு அமைப்பு, விசாவுக்குக் கேட்கும் விசாஸ்கிரீன் என்ற தகுதிச் சரிபார்ப்புச் சான்றிதழ் தருவது இன்னொரு அமைப்பு, அப்புறம் குடியேற்ற விசா வரிசை. நாலு இடத்திலும் பெயர் மாறிய கதையைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். குடியேற்ற விசா வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது, சில நாட்டுக்காரர்களுக்கு வருடக்கணக்கில் நீளும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கோ பொதுவாக இரண்டு வருடம்தான் ஆயுள். பெரியப்பாவின் பெருமைக்காக அந்த வரிசையில் நிற்கப்போவது பெரியப்பா இல்லை.

எந்த நாட்டுக்கு எத்தனை மதிப்பெண், ஆங்கிலத் தேர்வில் ஐஇஎல்டிஎஸ்ஸா ஓஇடியா என்பதெல்லாம் எங்கே பார்த்தாலும் கிடைக்கும், விட்டுவிடுகிறேன். யாரும் கவனிக்காத ஒரு வேலை இருக்கிறது, நான் சொல்ல வந்ததே அதுதான்: முதலில் உள்ளூர் நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைப் புதுப்பிப்பது. கையிலிருக்கும் சான்றிதழை மாற்றுவது வேறு, இது வேறு. பத்துக் குடும்பத்தில் ஒன்பது இதைக் கடைசியில் செய்கிறது, அல்லது செய்வதே இல்லை. சும்மா ஒரு அஃபிடவிட் எழுதி இணைத்தால் போதும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அஃபிடவிட் துணைக்குத்தான். இரண்டு பெயரும் நானே என்று நானே சொல்வதற்கும், என்னைப் பதிவு செய்த கவுன்சில் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. மகள் தன் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதட்டும், அவர்களுக்குப் பெயர் மாற்றத்துக்கென்று தனிப் படிவம் இருந்தால் அதில். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட், ரிஜிஸ்ட்ரேஷன் சான்றிதழ் கூட வேண்டும். கடிதத்தில் மூன்று விஷயத்தைத் தெளிவாகக் கேட்க வேண்டும். பதிவேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் வரட்டும்; பழைய பெயரை அழிக்காமல் முன்னாள் பெயர் என்று குறித்து வைக்கட்டும்; பதிவு எண் அப்படியே இருக்கட்டும். இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பெயர் மாறினாலும் மாறாத ஒன்று என்று கையில் இருப்பது அந்த எண்ணும் பிறந்த தேதியும்தான், சரிபார்க்கிறவர் கடைசியில் பிடித்துக்கொள்வது அதைத்தான். திருத்தம் முடிந்து தகவல் வந்த பிறகே பதிவு ஒழுங்காக இருக்கிறது, புகார் இல்லை என்று கவுன்சில் வெளிநாட்டுக்கு அனுப்பும் குட் ஸ்டாண்டிங் கடிதத்துக்கும் வெரிஃபிகேஷனுக்கும் விண்ணப்பியுங்கள். முன்னாலேயே வாங்கினால் பழைய பெயரிலேயே போய்ச் சேரும், அந்தக் கடிதங்கள் சீக்கிரம் காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். கடிதத்தில் "இன்னார், முன்பு இன்னார், பதிவு எண் இது, பிறந்த தேதி இது" என்று ஒரே வரியில் இரண்டு பெயரும் வரும்படி கேளுங்கள். தர மறுத்தால் இன்னொரு முறை எழுத்தில் கேளுங்கள். நியாயமான கோரிக்கைதான்.

அதே வரியைக் கல்லூரியிடமும் கேட்கலாம். படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள டிரான்ஸ்கிரிப்ட்டை மாற்றச் சொல்லாதீர்கள், அது பழைய பெயரிலேயே போகட்டும்; அதோடு போகும் முகப்புக் கடிதத்தில் மட்டும் இரண்டு பெயரும் சேர்க்கை எண்ணும் இருந்தால் போதும். மருத்துவமனை ஹெச்ஆரிடமும் அப்படியே.

இங்கே ஒரு கிளைக் கேள்வி. கணவர் பெயர் சேர்ந்தது மட்டும்தானா, இல்லை மகளின் சொந்தப் பெயரிலும் எழுத்தைக் கூட்டிக் குறைத்தீர்களா? அதிர்ஷ்டத்துக்காக நடுவில் ஒரு 'ஹெச்' சேர்த்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணவர் பெயர் வந்ததற்குக் கல்யாணச் சான்றிதழே பெரும்பாலும் விளக்கம் சொல்லிவிடும். சொந்தப் பெயரின் எழுத்து மாறியதற்கு அது சாட்சி சொல்லாது, அதற்குத் தனியாக அரசிதழ் அறிவிப்போ நீதிமன்ற ஆணையோ, அந்தந்த நாட்டில் பெயர் மாற்றத்துக்கு எது சட்டப்படியான பத்திரமோ அது வேண்டும். அந்த 'ஹெச்' எவ்வளவு அதிர்ஷ்டம் தந்ததோ தெரியாது, சில மாத அலைச்சலை நிச்சயம் தரும்.

அடுத்தது பாஸ்போர்ட். படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி ஓடுகிறதே, வரிக்கு 44 எழுத்து, அதை யாரும் படிப்பதில்லை. மேல் வரியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். 'பி'யில் தொடங்கும், பிறகு நாட்டின் மூன்றெழுத்து, உடனே சர்நேம், அப்புறம் கூரான குறி இரண்டு, அதற்குப் பிறகு சொந்தப் பெயர். இயந்திரம் உங்கள் மகளை இப்படித்தான் படிக்கிறது. இனி எந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தாலும், எந்தப் படிவத்தை நிரப்பினாலும், இந்த வரிசையைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும், பட்டத்தைப் பார்த்து இல்லை. சர்நேம் கட்டமே காலியாக, ஒற்றைப் பெயரோடு இருப்பவர்களுக்கு வேறு தலைவலி. அமெரிக்க விசாவில் அவர்களது ஒரே பெயரைச் சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அடித்துக் கொடுப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. உங்கள் மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், நானே ஒருமுறை கோட்டைவிட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு பெண்ணின் காகிதங்களை எல்லாம் வரி வரியாகப் பார்த்தேன், தேர்வுப் பதிவின் உறுதி மின்னஞ்சலை மட்டும் பார்க்கவில்லை. அதில் சர்நேமும் சொந்தப் பெயரும் இடம் மாறி விழுந்திருந்தன. தேர்வு மையத்தின் வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்கிளெக்ஸ் மாதிரித் தேர்வுகளில் பெயர் அடையாள அட்டையோடு பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். அன்று அந்தப் பெண் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு போன் செய்தார், அழவில்லை, "சார், நான் நான்தான்னு எப்படிச் சொல்றது" என்று கேட்டார். அதிலிருந்து முதலில் அந்த மின்னஞ்சலைத்தான் பார்க்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் கேட்ட தொகையை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். பெயர் புதுப்பிக்க ஆகும் செலவு கவுன்சில் கட்டணம், நோட்டரி, தபால், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு. அதற்கு மேல் யார் என்ன கேட்டாலும் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிட்டனில் வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுகிறவரிடமே கட்டணம் வாங்குவது 1973-ம் ஆண்டுச் சட்டப்படி தடை, ஆள் வேண்டிய மருத்துவமனைதான் ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டும். தேர்வுச் செலவைப் பிறகு திருப்பித் தரும் மருத்துவமனைகளும் அங்கே உண்டு. அப்படியிருக்க, நகையை வைத்தோ கடன் வாங்கியோ ஒரு ஏஜென்டுக்குக் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இதில் சமாதானமாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் பதிவு வந்த மறுநாள் உங்கள் மகள் தனியாக நாலு வரி எழுதியிருந்தார். உங்களிடம் சொல்லச் சொன்னதும் அவர்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்த்தது அவர் விருப்பமில்லையாம், வெளிநாட்டில் கணவர் பெயர் இருந்தால்தான் மதிப்பு என்று யாரோ சொன்னதால் சேர்த்ததாம். யார் சொன்னது என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981-லிருந்து கல்யாணமான பெண்ணுக்குச் சட்டப்படி பிறந்த பெயர்தான், கணவர் பெயருக்கு மாறுவது அங்கே சுலபமே இல்லை. கணவருக்குத் துணை விசா எடுக்கவும் கல்யாணச் சான்றிதழ்தான் கேட்பார்கள், இருவருக்கும் ஒரே சர்நேம் வேண்டும் என்பதில்லை.

அதனால் இப்போதே பாஸ்போர்ட்டைத் திரும்ப மாற்றச் சொல்கிறேனா? இல்லை. விண்ணப்பம் பாதி வழியில் இருக்கும்போது மறுபடி பெயரைத் தொட்டால் மூன்றாவது பெயர் ஒன்று முளைக்கும். லைசென்ஸ் கையில் வரும் வரை பாஸ்போர்ட் பெயரே ஓடட்டும். வந்த பிறகு மாற்ற நினைத்தால் அங்குள்ள கவுன்சிலிடம் ஆதாரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் சட்டப்படியான பெயரோடு மாற்றுப் பெயர் ஒன்றையும் பொதுப் பதிவேட்டில் போட வசதி இருக்கிறது. எதைச் செய்வது என்று அவர் முடிவெடுக்கட்டும். டயாலிசிஸ் பிரிவை விட்டுவிட்டு ஐசியுவுக்குப் போனால்தான் கிராக்கி என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதாமே, அதையும் அவரிடமே விடுங்கள். நாலு வருடமாக ஒரே நோயாளிகளை வாரம் மூன்று நாள் பார்த்து, யாருக்கு எந்தக் கையில் ஊசி ஏறும் என்று தெரிந்து வைத்திருக்கிற நர்ஸ் அவர். நாட்டுக்கு நாடு அதற்கு வேலை இருக்கிறது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. மூலையில் ஓட்டை போட்டோ, முத்திரை குத்தியோ திருப்பித் தந்த பழைய பாஸ்போர்ட் வீட்டில் எங்காவது கிடக்கும், அதைத் தேடி எடுங்கள். பழைய பெயரும் அதே முகமும் அதே பிறந்த தேதியும் சேர்ந்து இருக்கும் அரசாங்கக் காகிதம் அது, பலர் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கிடைத்ததும் படப் பக்கத்தை மகள் எனக்கு அனுப்பட்டும். அவர் போனிலிருந்தே.