பால்கனிக் கதவருகே ஒரு பிரம்பு நாற்காலி

கேள்வி: பெரும்பாக்கத்தில் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். ஹாலுக்குக் கரிச்சாம்பல், இரண்டு படுக்கையறைகளுக்கும் கரும்பச்சை அடிக்க எனக்கு ஆசை. கணவர் வெள்ளையே போதும் என்கிறார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. 72 வயதாகிறது, அவருக்கு அறை தூங்கத்தான். பகல் முழுக்கப் பழைய பிரம்பு நாற்காலியைப் பால்கனிக் கதவருகே இழுத்துப் போட்டுப் பேப்பர் படிக்கிறார். ஹாலின் அழகே அதனால் கெடுகிறது. கணவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

பதில்: கணவரை விடுங்கள், சகோதரி. சுவர் நிறத்துக்காகக் கணவனும் மனைவியும் மல்லுக்கு நிற்பதைப் பல கடிதங்களில் படித்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் அந்த நாற்காலியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

72 வயதில் ஒருவர் நாற்காலியை ஏன் இழுத்துக்கொண்டு போகிறார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? வெளிச்சம் தேடிப் போகிறார். அவருடைய அறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரியவர்களுக்கென்று ஒதுக்கும் அறை பக்கத்து பிளாக்கின் சுவரைப் பார்த்தபடி இருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளிக்கும். 20 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குள் போகிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். கரிச்சாம்பல் 10 சதவீதம்கூடத் தராது. இருக்கிற கொஞ்சத்தையும் சுவர் குடித்துவிட்டால் அந்த அம்மாள் எங்கே போவார்?

"அறை தூங்கத்தான்" என்று எழுத எப்படி மனம் வந்தது? மாத்திரை அட்டையில் பெயர் பார்ப்பதும், ராத்திரி எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூம் போவதும் அந்த அறையிலிருந்துதானே? அவர் சொல்லாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். மகன் வீட்டில் ஒண்டியிருப்பதாக நினைக்கும் தாய் பெயின்ட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். பெற்றவளுக்கு வெளிச்சமான அறை கொடுப்பது மகனுடைய கடமை. வெள்ளை போதும் என்றவரும் அம்மாவின் அறையை எட்டிப் பார்க்கவில்லையே! இந்தப் பத்தியை அவரிடமும் காட்டுங்கள்.

அடர் நிறம் எனக்கும் பிடிக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் கறுத்து மினுமினுப்பதை நின்று ரசித்திருக்கிறேன். ஆனால் அவற்றுக்குப் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருக்கிறது, முற்றத்திலிருந்து வெயில் இறங்குகிறது. உங்களுக்கு முற்றம் இல்லை. அதனால் கரும்பச்சையை உங்கள் படுக்கையறையில், கட்டில் தலைமாட்டுச் சுவரில் மட்டும் அடியுங்கள். அது வெளிச்சுவராக இருக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இறங்கி உப்புப் பூத்தால், கரும்பச்சையில் திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். ஹாலில் கரிச்சாம்பல் டிவி மாட்டும் சுவரோடு நிற்கட்டும்.

மாமியாரின் அறைக்குச் சந்தன நிறமா, வெளிர்மஞ்சளா என்பதை அவரே சொல்லட்டும். காலை வெயில் வரும்போது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கையிலேயே ஷேட் கார்டை அவர் கையில் கொடுங்கள். எவ்வளவு தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கண்புரை இருக்கிறதா என்று கடைசியாக எப்போது காட்டினீர்கள்? இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெயின்டர் அதற்குப் பிறகு வரட்டும்.