சேலம், ஏற்காடு பக்கம் சினிமா எடுத்த இடங்களை வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது பிரயோஜனமா?

கேட்டவர் குடும்பத்தோடு விடுமுறைக்கு ஏற்காடு போகிறார். பழைய படங்கள் எடுத்த இடங்களைக் காட்டுவதாக வண்டிக்காரர்கள் சொல்கிறார்களாம், காசு கொடுத்துப் போகலாமா என்கிறார்.

தாராளமாகப் போங்கள். ஆனால் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் கேளுங்கள். ஏற்காட்டிலேயே கிளம்பி ஏற்காட்டிலேயே முடிந்தால் பாதிக் கதை அடிவாரத்தில் நின்றுவிடும். சேலம் சினிமா மலைமேல் பிறந்ததில்லை, மலைக்குப் போகிற ரோட்டில் பிறந்தது.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை மூன்று மணி நேரத்தில் ஆறு இடம். ஒவ்வொரு இடத்திலும் "இங்கதான் ஷூட்டிங்" என்பார்கள். என்ன படம், என்ன காட்சி என்று கேட்டால் பதில் வராது. நடுவில் தைலம், காபித்தூள் விற்கிற கடையில் ஒரு மணி நேரம் போனது. பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. இவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிற ஊரை இப்படியா காட்டுவது?

இரண்டாவது தடவை பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு எண்பது வயது, கன்னங்குறிச்சியில் வளர்ந்தவர். எங்களுக்குக் கிடைத்த டிரைவர் அண்ணனின் அப்பா சேலத்து சினிமா ஸ்டுடியோவில் செட் போடும் தச்சராக இருந்தவராம். வண்டியில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆர்ச்சுல இறங்கி ஆரம்பிக்கலாங்களா ஐயா?" அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஏற்காடு மெயின் ரோட்டில் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைத்தான் சொன்னார். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பி, 1935-ல் ஆரம்பித்த ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் வந்தது, அது இவர்கள் படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, அதுவும் இவர்கள் படம்தான். நூறு படங்களுக்கு மேல் எடுத்த அந்த இடத்தில் இன்றைக்கு வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள்.

பெரியப்பா தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். சின்னப் பையனாக இருந்தபோது எம்.ஜி.ஆர். கார் வருமா என்று இந்த வாசலில் காத்துக் கிடப்பாராம், காவல்காரர் விரட்டிவிடுவாராம். அப்புறம் மெதுவாக வளைவுக்கு உள்ளே நாலு எட்டு நடந்துபோய்த் திரும்பி நின்று, "உள்ள வந்துட்டேன் கண்ணு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டிரைவர் அண்ணன் அவசரப்படுத்தவே இல்லை. அவரும் பெரியப்பாவும் சுந்தரத்தை 'முதலாளி' என்றே பேசிக்கொண்டார்கள். ஸ்டுடியோ ஆட்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.

இதற்கு முந்தின நாள் ராத்திரி நாங்கள் ஒரு காரியம் செய்திருந்தோம். நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'மந்திரி குமாரி' பார்த்தோம். 1950-ல் வந்த படம், கலைஞர் வசனம், எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரும் சுந்தரமும் சேர்ந்து இயக்கியது. குண்டலகேசி கதைதான் அடிப்படை. மனைவியைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான் ஒருவன். சாகும் முன்னால் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு, வலம் வந்து, அவனையே கீழே தள்ளிவிடுகிறாள் அவள். அதற்கு முன்னால் வருகிற 'வாராய் நீ வாராய்' பாட்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது.

அந்தக் காட்சியை ஏற்காட்டில் எடுத்ததாகச் சேலத்தில் பேச்சு உண்டு. முதல் தடவை எங்களைக் கூட்டிப் போன வழிகாட்டி ஒரு பாறையைக் காட்டி "இதேதான்" என்று அடித்துச் சொன்னார். டிரைவர் அண்ணனிடமும் கேட்டேன். "அப்பா மலைன்னுதாங்க சொன்னாரு, பாறை எதுன்னு அவரு காட்டல. நானா ஒண்ணைக் காட்டினா பொய்யாயிடும்" என்றார். அன்றைக்கு வாங்கின காசுக்கு இந்த ஒரு பதிலே போதும் என்று நினைக்கிறேன். நீங்களும் எந்த வழிகாட்டியிடமும் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால் கோபப்பட மாட்டார்.

ஏற்காட்டில் 'லேடிஸ் சீட்' என்கிற மலைவிளிம்புப் பார்வை இடத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன, அதற்கும் கீழே சேலம். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைகூடத் தெரியும், எங்களுக்குப் பனி மூட்டம். என் மகள் என்ன நினைத்தாளோ, பெரியப்பாவைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வலம் வந்தாள். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தள்ளிடாதே கண்ணு, தாத்தா பாவம்" என்று சிரித்தார். பத்து வயதுப் பெண்ணுக்கு எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்தின படம் அந்த நிமிஷம் சொந்தமாகிவிட்டது.

மற்றபடி, காபித் தோட்டங்கள் தனியார் இடம். பாட்டு எடுத்த இடம் என்று வேலி தாண்டிப் போகச் சொன்னால் போகாதீர்கள். 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் போனாலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பதை வண்டியிலிருந்தே பார்க்கலாம். மே மாதக் கோடை விழா நாட்களில் இந்தப் பயணம் வேண்டாம், எங்கேயும் நின்று பேச முடியாது. இறங்கியதும் சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடுங்கள், கேரட், பீட்ரூட் துருவலும் பச்சை, சிவப்புச் சட்னியும் வைத்துத் தருவார்கள்.

வீட்டில் அந்தக் காலத்துப் படம் பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கூட்டிப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, முன் சீட்டை அவருக்குக் கொடுங்கள். தலைசுற்றலும் குறையும், டிரைவரோடு பேசிக்கொண்டும் வருவார்.